விரட்டுவதற்கு ஒரு விலை

பிஸ்கட் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறுகிறவர்கள் முதலில் பார்ப்பது முன்வரிசையின் கோடி நாற்காலியைத்தான். அதில் கேள்வியக்கா உட்கார்ந்திருந்தால் முதலாளி தண்ணீர்த் தம்ளரைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இழுத்து வைத்துக்கொள்வார். அவள் வராத வருஷம் என்று ஒன்று கிடையாது. ஆகையால் தம்ளர் நகராத வருஷமும் கிடையாது.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது. அவள் ஓய்வு பெற்றபோது அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது. பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்த நாள் முதல் சூப்பர்வைசரிடம் ஏன், எதற்கு என்று நச்சரித்துக்கொண்டே இருந்ததால் கேள்வியக்கா ஆனாள். இப்போது வீட்டுக்காரர்கூட வெளியாட்களிடம் அப்படித்தான் சொல்கிறார்.

அவளுடைய இடது கை ஆள்காட்டி விரலின் நுனி மூன்றாவது லைன் மெஷினோடு போயிற்று. பிஸ்கட் உறையைச் சூடாக அழுத்தி ஒட்டுகிற இரும்புத் தாடை அது. உறைக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நிறுத்தும் பொத்தானை லைனின் மறுகோடியில் வைத்திருந்தார்கள். கை மாட்டிக்கொண்டவள் அவ்வளவு தூரம் ஓடிப்போய் எப்படி அமுக்குவாள் என்று பொத்தானை வைத்த பொறியாளர் யோசிக்கவில்லை. அவர் கை எதிலும் மாட்டியதில்லை, யோசிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை.

ஷேர் அவள் கைக்கு வந்தது தனிக் கூத்து. கம்பெனி பங்குச் சந்தையில் பெயர் பதித்த வருஷம் போனஸ் கொடுக்கக் காசில்லை என்று கையை விரித்துவிட்டு, அதற்குப் பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் ஷேர் கொடுத்தார்கள். 'பேப்பர் போனஸ்' என்று கேண்டீனே சிரித்தது. அந்தச் சந்தையும் அப்போது பேருக்குத்தான் சந்தை. பத்துப் பதினைந்து கம்பெனிகள், காலையில் திறந்தால் மத்தியானத்துக்குள் கொட்டாவி. விற்கலாம் என்றால் வாங்க ஆள் கிடையாது. எனவே எல்லாரும் ஷேரை மறந்தார்கள். அக்கா மட்டும் கூட்டத்துக்கு வந்த அழைப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஒரே ஒரு ஷேர் வைத்திருந்தாலும் வரலாம், கேட்கலாம், மேடையில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை எவள் படிக்கப் போகிறாள் என்று போட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

முதல் வருஷம் குட்டை விரலோடு கையைத் தூக்கினாள். "ஒரு கேள்வி. நிறுத்துற பொத்தான் வேலை செய்றவ கைக்குப் பக்கத்துல எப்ப வரும்?"

"பரிசீலனையில இருக்கும்மா," என்றார் முதலாளி. செயலாளர் எதையோ குனிந்து எழுதினார். மறு வருஷம் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தபோது அந்தக் கேள்வி அதில் இல்லவே இல்லை. அக்கா கூட்டத்தை நிறுத்தி ஒரு பாட்டம் கத்தினாள். அன்றிலிருந்து கேட்டு முடித்ததும் உட்காரமாட்டாள். "எழுதிட்டீங்களா? வாசிச்சுக் காட்டுங்க," என்பாள். செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார். அப்புறம்தான் நாற்காலி.

இதே கேள்வி, இதே பரிசீலனை என்று வருஷங்கள் ஓடின. இதற்குள் சந்தைக்கு மவுசு வந்துவிட்டது. வெளிநாட்டுப் பணக்காரர்கள் வளரும் சந்தைகள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்களாம். அதில் இந்த ஊர்ச் சந்தையையும் சேர்த்தார்கள். கூட்டத்துக்கு ஒரு வெளிநாட்டு ஃபண்டிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரோடு வந்து உட்கார்ந்தாள். அக்கா கேட்டதை மொழிபெயர்ப்பாளர் அவள் காதில் சொல்ல, அவள் அக்காவின் விரலைப் பார்த்தாள். பிறகு எழுந்து அதே கேள்வியைத் தன் மொழியில் கேட்டாள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை வருஷமாகப் பரிசீலித்தவர் ஒரே மாதத்தில் முதல் இரண்டு லைனிலும் ஆளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் வைத்தார். மூன்றாவது லைனுக்குப் புது மெஷின் வரப்போகிறது, பழையதற்கு எதற்கு வீண் செலவு என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது லைனில் இப்போது அக்காவின் மருமகள் வேலை செய்கிறாள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் மகன் போனைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். போன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். எந்தச் செய்தியும் அவன் கையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரும். "அம்மா, உன் பிஸ்கட் கம்பெனி சந்தையை விட்டே வெளிய போகுதாம். எல்லார் ஷேரையும் திருப்பி வாங்கிக்கிறாங்களாம்."

"நான் விக்கலையே."

"நீ விக்கலைன்னா அவங்க என்ன, உன் கால்லயா விழுவாங்க? பணம் வரும்மா. கடைக்குப் பக்கத்து ரூம் காலியா இருக்கு..."

அக்கா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

தரகர் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. சுவரில் பெரிய திரை. அதில் விலைகள் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தன. வேலை ஓய்ந்த ஆண்கள் நாலைந்து பேர் பந்தாட்டம் பார்ப்பது போல வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் நல்ல மனுஷன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"நூத்துல எழுபத்தஞ்சு பங்கு ஏற்கெனவே அவங்ககிட்ட. தொண்ணூறு ஆயிட்டா சந்தையை விட்டுப் போயிடலாம். தொண்ணூறைத் தொட்டுட்டா மிச்சம் இருக்கிறவங்களை யாரும் கேக்க மாட்டாங்க, அதே விலைக்கு எல்லாருடையதும் தானா போயிடும்."

"விலையை யார் சொல்றது? அவங்களா?"

"அதுதான் வேடிக்கை. நீங்க சொல்லணும். ஆளாளுக்கு எந்த விலைன்னா குடுப்பேன்னு போடணும். கம்மியா கேட்டவங்கள்லேர்ந்து கூட்டிக்கிட்டே வருவாங்க. எந்த விலையில தொண்ணூறு நிறையுதோ, அதுதான் எல்லாருக்கும் விலை. முதலாளிக்குப் பிடிச்சா வாங்குவார். பிடிக்கலைன்னா துண்டை உதறிட்டுப் போயிடுவார், கம்பெனி சந்தையிலயே இருக்கும்."

அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். மீதி இருபத்தைந்து பங்கில் ஏறக்குறையப் பாதி பழைய தொழிலாளிகளிடம் இருந்தது. அவர்களை விட்டுவிட்டுத் தொண்ணூறைத் தொட முடியாது. அவளுக்கு ஒரே குஷி.

"அக்கா," என்றார் தரகர், "குடுக்க இஷ்டம் இல்லைன்னா எதுவும் போடாம சும்மா இருந்திடலாம்."

"சும்மா இருந்தா எங்க எதிர்ப்பு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா ஷேர் உங்ககிட்ட இருக்கும்."

அது அக்காவின் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. சும்மா இருப்பது என்ற ஒன்றை அவள் பிறந்ததிலிருந்து பழகியதில்லை. வாயைத் திறக்காமல் ஒரு சண்டையை ஜெயிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவன் முதலாளி பக்கத்து ஆள் என்றுதான் நினைப்பாள்.

நேரே எடைக்காரியிடம் போனாள். எடைக்காரி பிஸ்கட்டை எடை போடும் பிரிவில் இருந்தவள், அக்காவுக்கு ஒட்டிப் பிறந்தவள் மாதிரி. ஓய்வுக்குப் பிறகு தெருவோரத்தில் காய்கறி விற்கிறாள், அங்கேயும் எடைதான். பழைய ஆட்கள் சாயங்காலம் கூடும் இடம் அதுதான். அக்கா விஷயத்தைச் சொன்னதும் எடைக்காரி தக்காளியை அடுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"இதுக்குப் போயி தலையைப் பிச்சுக்கிறே. சில பேரு வாங்க மாட்டான், ஆனா ஒவ்வொரு காயா எடுத்து அமுக்கிப் பாத்தே நசுக்கிடுவான். அவன்கிட்ட நான் மூணு மடங்கு விலை சொல்லுவேன். திட்டிக்கிட்டே போயிடுவான். விரட்டுறதுக்கும் ஒரு விலை இருக்குடி."

அக்காவுக்கு இது தேனாக இனித்தது. ஷேர் சந்தையில் நாற்பதுக்குப் போய்க்கொண்டிருந்தது. "நாம இருநூறு போடுவோம்," என்றாள். "எல்லாரும் ஒரே குரல்ல இருநூறு. அந்த ஆளு தலையில கையை வச்சிக்கிட்டு ஓடட்டும்."

வீடு வீடாகப் போனாள். அடுப்புப் பிரிவு, மாவுப் பிரிவு, வண்டி ஓட்டினவர்கள், செத்துப்போனவர்களின் பிள்ளைகள் என்று ஒருத்தரையும் விடவில்லை. சிலர் எழுபது எண்பது கேட்டால் போதாதா என்று இழுத்தார்கள். "எழுபதுன்னா வாங்கிடுவான். வாங்கிட்டா நாம யாரைப் போய்க் கேக்கிறது?" என்று அடக்கினாள். தரகர் அலுவலகப் படிக்கட்டில் வரிசை நின்றது. செருப்புக் கடைக்காரர் தன் கடைக்குத்தான் இத்தனை கூட்டம் என்று நினைத்து ஏமாந்து போனார். ஒவ்வொருத்தராக உள்ளே போய் 'இருநூறு' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சிரித்தார்கள். முதலாளி முகத்தில் அறைந்துவிட்டு வந்த சிரிப்பு அது. அக்கா கடைசியாகப் போய் இன்னும் உரக்கச் சொன்னாள்.

கெடு முடிந்த மறுநாள் காலையில் மகன் பல் துலக்கிக்கொண்டே கத்தினான். வாய் நிறைய நுரை. "அம்மா, ஏத்துக்கிட்டாங்க. இருநூறு. முழு இருநூறு."

அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரத் துண்டு கையிலிருந்து கீழே விழுந்தது.

"என்னடா ஏத்துக்கிட்டாங்க?"

"நீங்க சொன்ன விலையை. அம்மா, நீ பெரிய ஆளும்மா. ஊர்ல உன் பேச்சுதான்."

அவள் தலைகூட வாராமல் ஓடினாள். தரகர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கவே இல்லை. அவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்திருக்கும்.

"வேண்டாம்னு சொல்லுங்க. நாங்க விக்கிறதுக்காகச் சொல்லலை. விரட்டுறதுக்குச் சொன்னது."

"விலை சொன்னாலே குடுத்துட்டோம்னுதான் அக்கா அர்த்தம். நேத்து சாயங்காலம் வரைக்கும் திரும்ப எடுத்திருக்கலாம். இப்ப மணி அடிச்சாச்சு."

"அஞ்சு மடங்கு குடுத்து வாங்குறானா? அவனுக்கென்ன பைத்தியமா?"

"வாங்குறது அவரு சொந்தக் காசுல இல்ல. தாய்க் கம்பெனி வாங்குது. சோப்பு, பெயின்ட், பிஸ்கட் எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கில்ல, அது. வெளிநாட்டுல பட்டியல் போடுறாங்களே, அதுல எந்தக் கம்பெனி பேர் இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு வாங்குற ஃபண்டு எக்கச்சக்கம். ஆனா பட்டியல்ல ஏற கம்பெனி பெருசா இருக்கணும். பிஸ்கட் முழுசா உள்ள வந்தாத்தான் அவங்களுக்கு அந்த அளவு எட்டும். அடுத்த பட்டியலுக்குள்ள முடிக்கணும்னு துடிச்சிட்டிருந்தாங்க." தரகர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க முன்னூறு சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பாங்க."

அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தரகர் 'சும்மா இருந்திடலாம்' என்று சொன்னது இப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. அவளுக்குத் தன் மேலேயே அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. தன் வாயால் தன் நாற்காலியை விற்றிருக்கிறாள். அது போதாதென்று ஊரையே வரிசையில் நிற்க வைத்து விற்க வைத்திருக்கிறாள்.

ஊரோ அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மாவுப் பிரிவுக்காரர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். வண்டி ஓட்டினவரின் மகள் காலில் விழப் பார்த்தாள். "அக்கா மூளையே மூளை. எழுபதுக்குக் குடுத்திருப்போம்," என்றார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரர், வாழ்நாள் முழுக்க அடுப்புப் பிரிவில் வெந்ததால் எதற்கும் அசராத மனுஷன், இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"உன்னை மாதிரி தோத்தவளை நான் பாத்ததே இல்ல. அஞ்சு மடங்கு பணத்தோட தோத்திருக்கே."

"உங்களுக்கு எல்லாம் சிரிப்பா இருக்கு."

"சிரிக்காம? அழுதா இனிப்பு கசக்குமே."

சாயங்காலம் எடைக்காரியின் கடைக்குப் போனாள். அங்கே புதுசாக எலெக்ட்ரானிக் தராசு வந்திருந்தது, வெயிலுக்குப் பெரிய குடையும். கடனுக்கு வாங்கியிருக்கிறாள், பணம் வருவதற்குள்ளேயே. அக்காவுக்கு அந்தக் குடையைப் பார்க்கப் பார்க்க எரிந்தது.

"நாம வித்தது பேப்பர் இல்லடி," என்றாள். "வாயை வித்துட்டோம்."

எடைக்காரி தராசின் பக்கம் திரும்பினாள். வாடிக்கையாளருக்குக் கத்தரிக்காய் எடை போட்டாள். சில்லறையைக் கொடுத்தாள். இன்னொருத்தருக்கு எடை போட்டாள். "ரெண்டு பேரன் படிக்கிறான்டி எனக்கு," என்று கடைசியில் சொன்னாள். அதற்கு மேல் அக்காவால் அங்கே நிற்க முடியவில்லை. எடைக்காரி சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதனால்தான் இன்னும் வலித்தது.

அடுத்த வாரம் மருமகள் வேலை முடிந்து வந்தபோது வலது கைச் சட்டை முழங்கை வரைக்கும் கிழிந்து தொங்கியது. மணிக்கட்டுக்கு மேலே நீளமாகச் சிவந்த கோடு. யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை. சட்டைதான் மாட்டிச்சு. பக்கத்து லைன் பொண்ணு பாத்துட்டு ஓடிப்போயி அந்தக் கோடியில அமுக்கிட்டா."

அக்கா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அஞ்சு விரலும் இருந்தன. ஆனாலும் விடவில்லை.

"சூப்பர்வைசர் என்ன சொன்னான்?"

"சட்டையை ஒழுங்கா மடிச்சு விட்டுக்கன்னான்." மருமகள் தண்ணீர் குடித்தாள். "பொத்தான் விஷயம் கேட்டேன். சிரிக்கிறான். 'உன் மாமியார் போய்க் கூட்டத்துல கேப்பாங்களே, இனிமே எங்க போய்க் கேப்பாங்க?'ன்னான்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து ரூமைப் பற்றி அன்றைக்கு அவன் பேசவே இல்லை. அக்கா கிழிந்த சட்டையை வாங்கித் தைக்க உட்கார்ந்தாள். நாலு தையல் போட்டாள். பிறகு ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, இதைத் தைத்து வேறு கொடுக்கணுமா என்று சட்டையைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். அப்படியே ஓவென்று அழுதாள். மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பணம் வந்த நாளில் மகன்தான் போனைக் காட்டினான். முன்பெல்லாம் குதித்திருப்பான், இப்போது மெதுவாக நீட்டினான். அக்கா தொகையைப் பார்க்கவில்லை. அனுப்பியவர் யார் என்ற வரியைப் பார்த்தாள். பிஸ்கட் கம்பெனி இல்லை; தாய்க் கம்பெனியின் பெயர் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"டேய், இந்தத் தாய்க் கம்பெனி ஷேரு சந்தையில இருக்கா?"

"இருக்கும்மா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு. வெளிநாட்டுக்காரன் எல்லாம் அதைத்தான் வாங்கப் போறான்."

"அப்ப அதுக்கும் வருஷா வருஷம் கூட்டம் உண்டில்ல?"

மகன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். மருமகள் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

செருப்புக் கடை மாடியில் தரகர் திரையைத் திருப்பிக் காட்டினார். தாய்க் கம்பெனியின் ஒரு ஷேர், பிஸ்கட் ஷேர் நாலைந்தை விழுங்குகிற விலை. "ரொம்ப ஏறிக் கிடக்கு அக்கா. இந்த விலையில வாங்கச் சொல்லமாட்டேன். எத்தனை வேணும்?"

"ஒண்ணு."

"ஒரு நூறா?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணை வச்சிக்கிட்டு என்னக்கா லாபம்? என் கமிஷனுக்கே பத்தாது."

"லாபத்தை நான் பாத்துக்கிறேன். கூட்டத்துக்கு முன்னாடி என் பேர் ஏறிடுமா?"

தரகர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். அவளை நேராகப் பார்த்தார். பிறகு கமிஷன் வாங்காமலே பதிந்து கொடுத்தார். மிச்சப் பணம் முழுவதையும் அக்கா மகனிடம் கொடுத்து, "ரூம் எடுத்துக்க," என்றாள். "பிள்ளை அடங்கலைன்னா வீட்டுல என்ன செய்வோம்? தாய்கிட்டப் போய்ச் சொல்லுவோம்."

தாய்க் கம்பெனியின் கூட்டம் பெரிய ஓட்டலின் மாடியில் நடந்தது. பிஸ்கட் கூட்டத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். இங்கே வெள்ளை உறை மாட்டின நாற்காலி, காலடியில் கால் புதைகிற விரிப்பு. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு வரிசை நிறைய இருந்தார்கள். எல்லார் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி. வாசலில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் அக்காவின் பெயரைத் தேடிவிட்டு, எண்ணைப் பார்த்து, இன்னொரு முறை பார்த்து, "ஒண்ணா?" என்றாள். அக்கா ஆமாம் என்றாள். பெயர் இருந்தது, உள்ளே விட்டாக வேண்டும். அக்கா நேராக முன்வரிசைக்குப் போய்க் கோடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேடையேறியவர் அதே முதலாளிதான். இங்கே தலைவராம். பழக்கத்தில் கோடி நாற்காலியைப் பார்த்தார், அந்தப் பக்கம் போன பார்வை அங்கேயே நின்றுவிட்டது. கம்பெனிக் காசைக் கொட்டிக் கொடுத்து வெளியே அனுப்பிய பொம்பிளை, அதே காசில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய வீட்டுக் கூடத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவர் கை தண்ணீர்த் தம்ளரைத் தேடியது. இந்த ஓட்டலில் அதைத் தூரமாக வைத்திருந்தார்கள்.

பட்டியலில் ஏறிய பெருமை, பிஸ்கட்டை முழுசாக வாங்கிய சாமர்த்தியம் எல்லாம் பேசி முடித்தார்கள். கேள்வி நேரம் வந்தது. குட்டை விரலோடு கை எழுந்தது. ஒலிவாங்கி கொண்டுவந்த பையன் வழக்கப்படி கேட்டான். "எத்தனை ஷேர் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அக்கா அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள். சிரிப்பு எல்லாம் அவளுக்குப் பழசு.

"ஒரு கேள்வி. நீங்க இப்ப முழுசா வாங்கின பிஸ்கட் கம்பெனியில மூணாவது லைன்ல என் மருமக வேலை பாக்கிறா. போன மாசம் அவ சட்டை மெஷின்ல மாட்டிச்சு. நிறுத்துற பொத்தான் இன்னும் அந்தக் கோடியிலதான் இருக்கு. அது அவ கைக்குப் பக்கத்துல எப்ப வரும்?"

மொழிபெயர்ப்பாளரின் குரல் கண்ணாடி அறைக்குள்ளிருந்து முணுமுணுவென்று கேட்டது. வெளிநாட்டு வரிசையில் ஒரு தலை திரும்பியது, பிறகு பல தலைகள். வெள்ளைச் சட்டைக்காரப் பெண் அங்கேயும் இருந்தாள். அக்காவை அடையாளம் தெரிந்து பேனாவைத் திறந்தாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "அம்மா, பிஸ்கட் கம்பெனி இப்ப சந்தையில இல்ல. அது தனிக் கம்பெனி. இந்தக் கூட்டத்துல அதைப் பத்தி..."

"அந்தக் கதவைச் சாத்திட்டீங்க. அதான் இந்தக் கதவுக்கு வந்தேன். நீங்க குடுத்த காசுதான், தேங்க்ஸ்."

"பரிசீலிக்கிறோம். அடுத்த கேள்வி."

நாலாவது வரிசையில் இன்னொரு கை எழுந்தது. தராசு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அக்கா திரும்பிப் பார்த்தாள். எடைக்காரி நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"எத்தனை ஷேர்?" என்றான் பையன்.

"எனக்கும் ஒண்ணுதான்," என்றாள் எடைக்காரி. "கேள்வியும் அதேதான்."

இந்தத் தடவை சிரிப்பு எழவில்லை. வெள்ளைச் சட்டைக்காரி ஒலிவாங்கிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி அவளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த செயலாளரைப் பார்த்தார்.

"மூணாவது லைனுக்கு இந்த மாசத்துக்குள்ள பொத்தான் வச்சிடுவோம்," என்றார். "எழுதிக்கோங்க. நீங்க உக்காரலாம்மா."

அக்கா உட்காரவில்லை. நாலாவது வரிசையில் எடைக்காரியும் உட்காரவில்லை.

"எழுதிட்டீங்களா?" என்றாள் அக்கா. "வாசிச்சுக் காட்டுங்க."